தானாக நிமிரும் டிரைமரான்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சென்னையில் கடல்சார் பொறியியல் படிக்கிறேன். கடைசி ஆண்டு புராஜெக்டுக்கு 6 மீட்டர் நீளத்தில் பந்தய டிரைமரான் (நடுவில் ஒரு உடலும் இரு பக்கமும் மிதவைகளும் கொண்ட பாய்மரப் படகு) ஒன்றை வரைகிறோம். காருக்குப் பின்னால் டிரெய்லரில் போக வேண்டும், கவிழ்ந்தால் தானே நிமிர வேண்டும். சென்டர்போர்டு (நடுப்படகின் அடியில் தண்ணீருக்குள் இறங்கும் பலகை) நுனியில் ஈயக் குண்டு வைத்தால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். சரியா?

பதில்: படகு பக்கவாட்டில் படுத்திருக்கும் வரைதான் ஈயம் உதவும். முழுக்கத் தலைகீழாகிவிட்டால் உதவாது. இதைப் பேச்சிலேயே வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வாதாடுகிறவர்கள் உண்டு, கணக்கைப் போட்டுப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெளிவாகிவிடும்.

ஒரு படகை வைத்துக்கொள்வோம். இரண்டு பக்க மிதவைகளுக்கும் நடுவே, மையத்திலிருந்து மையம் வரை 4.2 மீட்டர். பாய்மரம், பாய் எல்லாம் சேர்த்து ஆள் இல்லாமல் 250 கிலோ. ஓட்டுபவர்கள் இரண்டு பேர், 150 கிலோ. எடையைத் தூரத்தால் பெருக்கி வரும் எண்ணை இங்கே வெறும் 'அலகு' என்றே சொல்கிறேன். காற்று பலமாக அடித்து நடுப்படகு தண்ணீரை விட்டு எழும் நேரத்தில் முழு எடையும் ஒரு மிதவை மேல் நிற்கிறது. படகின் எடை அந்த மிதவையிலிருந்து 2.1 மீட்டர் தள்ளி இருப்பதால் 525 அலகு, காற்று வரும் பக்க மிதவையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரால் 630 அலகு, ஆக 1,155. ஒற்றை உடல் படகு இவ்வளவு தாங்குசக்தியைப் பெற அடியில் ஏகப்பட்ட ஈயத்தைச் சுமக்க வேண்டும். டிரைமரானுக்கு அகலமே அதைக் கொடுத்துவிடுகிறது, அதன் வேகத்துக்குக் காரணமும் அதுதான்.

சரி, அதே படகு தலைகீழாகிவிட்டது என்று வையுங்கள். அகலம் இப்போதும் அதே அகலம்தான். படகை ஒரு பக்கமாகத் தூக்க மறுபடி 525 அலகு வேண்டும், ஓட்டுபவர்களோ தண்ணீரில் கிடக்கிறார்கள். உங்கள் ஈயக் குண்டு நடுவில், வானத்தைப் பார்த்தபடி நேர் மேலே நிற்கிறது. நெம்புகோல் தூரம் பூஜ்யம், எத்தனை கிலோ வைத்தாலும் பூஜ்யம்தான். அதனால் இந்தப் படகை வரையும்போது முதல் வேலை, அது 90 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது.

90 டிகிரியில் என்ன நடக்கிறது? ஒரு மிதவை தண்ணீரில், நடுப்படகு ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்தில், இன்னொரு மிதவை 4 மீட்டருக்கு மேலே, பாய்மரம் தண்ணீரின் மேல் படுத்திருக்கிறது. படகின் ஈர்ப்பு மையம் மிதவைக்கு நேர் மேலே இருக்காது, கொஞ்சம் பாய்மரத்தின் பக்கம் தள்ளி இருக்கும். அதை 0.4 மீட்டர் என்று எடுத்தால், படகை மேலும் கவிழ்க்கப் பார்ப்பது 100 அலகு. 2.1-ஐ 0.4-ஆல் வகுத்து அந்த டேன்ஜென்டுக்கு உரிய கோணத்தைப் பார்த்தால் 79 டிகிரி வரும். 79-க்குக் கீழே வந்துவிட்டால் படகு தானே தன் காலில் விழுந்துவிடும். மீதி 11 டிகிரியை யார் கடத்துவது என்பதுதான் உங்கள் புராஜெக்ட்.

ஈயத்தால் கடத்தலாம். 1.2 மீட்டர் ஆழத்தில் 60 கிலோ வைத்தால் அந்த 79 டிகிரி 87-க்கு மேலே போகிறது. 85 கிலோ வைத்தால் 90-லிருந்து யாரும் தொடாமலே எழும். ஆனால் 250 கிலோ படகில் 85 கிலோ என்பது மூன்றில் ஒரு பங்கு! எப்போதாவது ஒரு முறை கவிழ்வதற்காக அதை ஒவ்வொரு பந்தயத்திலும் ஒவ்வொரு நிமிடமும் சுமக்க வேண்டும், டிரெய்லரிலும் சுமக்க வேண்டும். நானாக இருந்தால் வைக்க மாட்டேன்.

நான் முதலில் கை வைப்பது பாய்மரத்தில். 9 மீட்டர் உயரம், 150-க்கு 70 மில்லிமீட்டர் நீள்வட்டக் குறுக்குவெட்டு என்றால் அதற்குள் சுமார் 74 லிட்டர் காற்று இருக்கிறது. தண்ணீர் புகாமல் மூடிவிட்டால் அதன் மேல்பாதி மூழ்கினாலே 250 அலகு, கவிழ்க்கப் பார்க்கும் 100-ஐப்போல இரண்டரை மடங்கு. இதற்குத் தனியாக ஒரு கிலோகூடச் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் மூடுவது என்றால் உண்மையிலேயே மூட வேண்டும். பாயை ஏற்றும் கயிற்றுக்காக ஒரு ஓட்டையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடைத்தால், அதே பாய்மரம் தண்ணீரைக் குடித்துவிட்டு உங்களைக் கீழே இழுக்கும். கயிற்றை வெளியே ஓட விடுங்கள், அல்லது உள்ளே தனிக் குழாய் வையுங்கள்.

பாய்மர உச்சியில் 30 லிட்டர் மிதவை ஒன்றும் வைப்பேன். பார்க்க அழகாக இருக்காது, காற்றிலும் கொஞ்சம் இழுக்கும், ஆனால் 9 மீட்டர் தூரத்தில் அது 270 அலகு தருகிறது. 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) காற்று, நடுப்படகுக்கும் மிதவைக்கும் இடையே கட்டிய, இப்போது நிமிர்ந்து நிற்கும் வலையையும் அடிப்பாகத்தையும் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறக்குறைய 6 கிலோ என்று தள்ளும்போது அந்தக் கூடுதல் தேவைப்படும்.

பாய்மரம் தண்ணீரை விட்டு எழுந்ததும் அதன் உதவி முடிந்துவிடும், மீதியை ஆட்கள் செய்யட்டும். இரண்டு பேர் கீழ் மிதவையில் நின்று, நடுப்படகின் அடியிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்து ஒரு மீட்டர் வெளியே சாய்ந்தால் 150 அலகு, தேவை 100. கயிறு முன்கூட்டியே இரு பக்கமும் கட்டியிருக்க வேண்டும், 2 மீட்டர் உயரத்தில் இருக்கும் நடுப்படகை நீந்திக்கொண்டு யாரும் எட்டிப் பிடிக்க முடியாது. தனியாக ஓட்டுவது என்றால் ஒருவர் தருவது 75 தான், போதாது. அப்போது மட்டும் 30 கிலோ ஈயம் வையுங்கள், தேவை 64-க்கு இறங்கிவிடும். இந்த எண்கள் எல்லாம் அசையாத தண்ணீருக்கானவை, அலையில் மாறும், அதனால் கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும். அறிக்கையில் "தானாக நிமிரும் படகு" என்று எழுதாமல் "ஆட்களால் நிமிர்த்தக்கூடிய படகு" என்றே எழுதுங்கள். அதை நம்பி ஒருவர் கடலுக்குப் போவார் இல்லையா?

கேள்வி: இப்படி நிமிரும் பல உடல் படகுகளை யாராவது உண்மையிலேயே கட்டியிருக்கிறார்களா?

பதில்: கட்டியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் கூஜன். 1979-இல் அவருடைய பந்தய டிரைமரான் 'ஃப்ளிக்கா' அட்லான்டிக்கில் கவிழ்ந்தது. கவிழ்ந்த படகோடு கடலில் நாட்களைக் கழித்து மீட்கப்பட்ட மனிதர் அவர். அதன் பிறகு, கவிழ்ந்தாலும் ஓட்டுபவரே நிமிர்த்தும் படகுகளின் மேல் அவர் கவனம் போனது. கூஜன் சகோதரர்களின் ஜி-32 இரண்டு உடல் கொண்ட படகு, 32 அடி நீளம், அகலம் சுமார் எட்டரை அடிதான். எதையும் மடிக்காமல் அப்படியே டிரெய்லரில் போகும். பாய்மர உச்சியில் மிதவை, உடலுக்குள் தண்ணீர்ச் சுமை. அகலத்தைக் குறைத்து நிமிரும் குணத்தை வாங்கினார்கள். அகலத்தை விட்டுக்கொடுக்க மனம் இல்லாத நாம்தான் பாய்மரத்தை மூடுவது, கயிறு கட்டுவது என்று வேறு வழி தேடுகிறோம்.

கேள்வி: பக்க மிதவை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பதில்: ஆட்களோடு மொத்த எடை 400 கிலோ என்றால் ஒவ்வொரு மிதவையும் 600 முதல் 800 லிட்டர். சின்ன மிதவை எடை குறைவுதான், ஆனால் வேகமாகப் போகும்போது அதன் மூக்கு தண்ணீருக்குள் புகுந்து படகு முன்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கும். கொள்ளளவில் தாராளமான பங்கை முன்பக்கத்துக்குக் கொடுங்கள்.

கேள்வி: பிரிஸ்பேனில் இருக்கிறோம். மிதவைகளை மடிப்பது நல்லதா, கழற்றுவது நல்லதா?

பதில்: நல்ல ஊரிலிருந்து கேட்கிறீர்கள். மடிக்கும் டிரைமரானை உலகத்துக்குப் பழக்கிய நியூசிலாந்துக்காரர் இயன் ஃபாரியர் 1970-களில் உங்கள் பக்கத்தில்தான் தன் 'டிரெய்லர்டிரை' படகுகளை உருவாக்கினார். பிறகு கலிஃபோர்னியா போய், 1985-இல் அவருடைய மடிக்கும் டிரைமரான் எஃப்-27 வந்தது. விரித்தால் 5.8 மீட்டர், மடித்தால் 2.57. தண்ணீரில் இருக்கும்போதே மடிக்கலாம், ஆனால் மடித்த மிதவை பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும், அப்படியே பல நாள் கட்டி வைத்தால் அதன் பக்கங்களில் பாசி பிடிக்கும். டென்மார்க்கின் டிராகன்ஃப்ளை படகுகளில் மிதவை பின்பக்கமாக மடங்கும், நிமிர்ந்தே இருக்கும், மொத்த நீளம்தான் கூடிவிடும்.

6 மீட்டர் பந்தயப் படகுக்கு என் ஓட்டு கழற்றுவதற்குத்தான். குறுக்குத் தண்டு ஒரு குழாய்க்குள் நுழைந்து ஒரு முள்ளால் பூட்டிக்கொண்டால் எடை குறைவு, தளர்வும் குறைவு. 4.4 மீட்டர் வெட்டா டிரைமரான் அப்படித்தான். 2015-இல் பிரான்சின் பாய்மரப் படகுச் சுற்றுப் பந்தயத்தில் ஓடிய 7.25 மீட்டர் டிரைமரான் டியாம் 24-ம் கழற்றி ஏற்றும் படகுதான். வாரம் தவறாமல் குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால் மட்டும் மடிப்பதை யோசியுங்கள். எதுவானாலும் ஆஸ்திரேலியாவில் டிரெய்லரின் மேல் அகலம் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது, எஃப்-27 அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: டிரைமரான் என்ற பெயரில் தமிழ் இருக்கிறது என்கிறார்களே?

பதில்: இருக்கிறது. நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆயிற்று. உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் படகு கட்டிய விக்டர் செட்செட், மூன்றைக் குறிக்க முன்னால் 'டிரை' சேர்த்து டிரைமரான் என்றார். அந்த 'மரான்' நம் மரம். இத்தனைக்கும் நம் கட்டுமரம் இரட்டை உடல் படகே இல்லை, மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம்.

கேள்வி: கணக்கு சரியா என்று பார்க்கப் படகையே கட்ட எங்களிடம் பணம் இல்லை. என்ன செய்வது?

பதில்: ஐந்தில் ஒரு பங்கு மாதிரி செய்யுங்கள். நீளம் 1.2 மீட்டர், மிதவைகளுக்கு நடுவே 84 சென்டிமீட்டர், பாய்மரம் 1.8 மீட்டர். எடை ஐந்தின் மும்மடியால், அதாவது 125-ஆல் வகுபடும் என்பதால் 250 கிலோ 2 கிலோ ஆகிறது, உச்சி மிதவை 240 மில்லிலிட்டர். ஈர்ப்பு மையமும் சரியான உயரத்தில் வர வேண்டும், அதை விட்டால் சோதனைக்கு அர்த்தமே இல்லை. காற்றின் வேகம் ஐந்தின் வர்க்கமூலத்தால் குறையும், 20 நாட் காற்றுக்கு 9 நாட் போதும், பெரிய மின்விசிறி ஒன்று கிடைத்தால் சரி. தொட்டியில் போட்டு ஒரு நூறு முறை கவிழ்த்துப் பாருங்கள், பாய்மரத்தை மூடி ஒரு முறை, ஓட்டை போட்டு ஒரு முறை. எந்தக் கோணத்தில் அது மனம் மாறி எழுகிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள், 79-க்கு எவ்வளவு பக்கத்தில் வந்தது என்று பார்ப்போம்.