கல்லறையில் பிளேன்ரீ வைக்கலாமா?

கேள்வி: அப்பா இறந்து ஒரு வருடமாகப் போகிறது. அம்மா ஞாயிறு பூசை முடிந்ததும் சேமக்காலைக்குப் போய், அவர் கல்லறையில் ஒரு கோப்பை பிளேன்ரீயும் ஒரு சுருட்டும் வைத்துவிட்டு வருகிறா. அப்பாவின் மூக்குக்கண்ணாடியும் வலை பொத்தும் ஊசியும்கூட அங்கேதான் கிடக்கின்றன. கனடாவில் இருக்கும் அண்ணா வீடியோவில் பார்த்துவிட்டு, "இதென்ன சைவக்காரர் மாதிரிப் படையல்? எல்லாத்தையும் எடுத்துப்போட்டு கிரனைட் பதியுங்கோ, காசு அனுப்புறன்" என்கிறார். அம்மா அழுகிறா. நான் யார் பக்கம் நிற்பது?
- வாசகி, குருநகர்

பதில்: அம்மாவின் பக்கம்தான், தங்கச்சி. ஆனால் அந்த மூக்குக்கண்ணாடியை இன்றைக்கே வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். சுருட்டு கடையில் இன்னொன்று வாங்கலாம், கண்ணாடிக்கு எங்கே போவது? உப்புக்காற்றில் பிரேம் ஆணி துருப்பிடிக்கும். காகம் தூக்கும். துப்புரவாக்க வருகிறவர் குப்பையென்று அள்ளிப் போட்டால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஊசியை என்ன செய்வதென்று அம்மாவே சொல்லட்டும்.

தேத்தண்ணியை ஊற்றிவிட்டுக் கோப்பையைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். மாரியில் கோப்பை, பூச்சாடி, மெழுகுதிரி எரித்த கிளாஸ், மலர்வளையம் சுற்றிய பிளாஸ்டிக் என்று எதில் தண்ணீர் தேங்கினாலும் டெங்கு நுளம்பு முட்டையிடும். பத்து நாள் போதும், நுளம்பு பறக்கத் தொடங்கிவிடும். மெழுகுதிரியைச் சிரட்டைக்குள் வைத்தால் காற்றுக்கும் அணையாது. வரும்போது சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு வரலாம்.

சைவக்காரர் மாதிரி என்றால்தான் என்ன? எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு, செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பதை அயல்வீடுகளில் அம்மா சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பா. நாங்களும் மரித்தோர் நினைவு நாளான நவம்பர் 2ஆம் திகதி வெறுங்கையோடா சேமக்காலைக்குப் போகிறோம்? அண்ணாவுக்கு வேதத்தில் சந்தேகமென்றால் பங்குத்தந்தையிடம் ஒரு சொல் கேட்கட்டும். எனக்கென்னவோ, அவருக்கு உறுத்துவது வேதமில்லை, வீடியோவைப் பார்க்கப்போகிற சொந்தக்காரரின் வாய்.

அதற்காக அவரோடு கோபிக்கவும் வேண்டாம். செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனவராக இருந்தால், இந்தக் கிரனைட்தான் அவர் அப்பாவுக்கு வைக்கிற சுருட்டு. பதியட்டும். தலைமாட்டில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குத் தட்டையாக இடம் விடச் சொல்லுங்கள், அம்மா தன் பாட்டில் வைக்கிறதை வைக்கட்டும். வேலையைப் புரட்டாதிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி பிறந்தால் மழை, அப்புறம் நவம்பரில் சுவாமி வந்து கல்லறை மந்திரிப்பதற்கு முன்னர் மேசன்மாரைப் பிடிக்கவே முடியாது.