வீட்டு வாட்டர் சாஃப்ட்னருக்கு எந்த உப்பு ஏற்றது?

ஆழ்துளைக் கிணற்று நீரைக் கடினமாக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் நீக்கும் கருவியே வாட்டர் சாஃப்ட்னர். அதன் உருளைக்குள் உள்ள ரெசின் மணிகள் அவ்விரண்டையும் பிடித்துக்கொண்டு, ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகின்றன. மணிகளில் சோடியம் தீர்ந்ததும், அடர்ந்த உப்புக் கரைசலைச் செலுத்தி அவற்றைப் புதுப்பிக்க வேண்டும்.

ஆகவே உப்பின் தூய்மைதான் முதலில் பார்க்க வேண்டியது. மலிவான கல்லுப்பில் மண்ணும், நாம் நீக்க முயலும் அதே கால்சியம், மக்னீசிய உப்புகளும் ஓரளவு கலந்திருக்கும் என்பதால், அதைப் பயன்படுத்துவது கலங்கிய நீரில் துணியை அலசுவதற்கு ஒப்பானது. அந்த மண், உப்பைப் போட்டுக் கரைக்கும் தொட்டியின் அடியில் பழுப்பு வண்டலாகப் படிந்து, கரைசலை உறிஞ்சும் மெல்லிய துளையையும் நாளடைவில் அடைத்துவிடும். 99.5 சதவீதத்துக்கு மேல் தூய்மையுள்ள மாத்திரை வடிவ உப்பையே நான் பரிந்துரைப்பேன். விலை சற்றுக் கூடுதல்தான், ஆனால் தொட்டியைக் கழுவும் வேலை வெகுவாகக் குறையும். கல்லுப்புதான் கட்டுப்படியாகும் என்றால், கழுவிச் சுத்திகரித்த வெண்ணிற உப்பை வாங்கி, தொட்டியை அடிக்கடி கழுவுங்கள்.

சமையல் தூள் உப்பைத் தவிர்த்துவிடுங்கள். அது இறுகி மேலே ஓடு போலக் கட்டிக்கொண்டால், தொட்டி நிறைந்திருப்பது போலத் தெரியும். அடியிலோ போதிய கரைசல் இராது.

தொட்டியில் போடும் உப்பு முழுவதும் குளிக்கும் நீரில் கலக்கிறது என்று பலர் எண்ணுவது சரியன்று: புதுப்பித்த பின் அக்கரைசல் கழிவுநீராக வெளியேறிவிடுகிறது.