சீனியர் வருடத்தில் இன்னொரு சயின்ஸ் வேண்டுமா?

வாசகர் கேள்வி-பதில்: அமெரிக்கப் பள்ளிப் படிப்பு

அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் பிள்ளைகள் கைக்கு வரும் பருவம் இது. அதனால் இம்முறை 12ஆம் வகுப்பில் அறிவியல் எடுப்பது பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில்.

கேள்வி: ஃப்ரிமான்ட்டில் 11ஆம் வகுப்பு படிக்கும் என் மகள் பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிஸிக்ஸ் மூன்றையும் முடித்துவிட்டாள். கல்லூரியில் எகனாமிக்ஸ் படிக்க ஆசை. "இன்னொரு சயின்ஸ் தேவையில்லை" என்கிறார் கவுன்சலர். என் கணவருக்கு மனசு ஒப்பவில்லை. யார் சொல்வது சரி?

விதிப்படி கவுன்சலர் சொல்வது சரி. யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) கல்லூரிகள் 2 ஆண்டு அறிவியலைக் கட்டாயமாக்கி, 3 ஆண்டைப் பரிந்துரைக்கின்றன. அதே மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகக் குழுமமான கால் ஸ்டேட்டுக்கும் 2 போதும். ஹார்வர்ட் 4 ஆண்டு படித்திருப்பது நல்லது என்கிறது: பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிஸிக்ஸ், பிறகு அவற்றில் ஒன்றில் மேல்நிலைப் பாடம். எம்ஐடியோ மூன்றிலும் ஒவ்வோர் ஆண்டு, கூடவே கால்குலஸ் வரை கணக்கு என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. இவை பரிந்துரைகள்தான், நான்காவது சயின்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரும் விண்ணப்பத்தைத் தூக்கி எறிவதில்லை.

ஆனால் கவுன்சலரிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பது முக்கியம். "சயின்ஸ் கட்டாயமா?" என்று கேட்டால் பட்டமளிப்பு விதியை மனதில் வைத்துப் பதில் சொல்வார். பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப் வழியாக அவர் அனுப்பும் அறிக்கையில், இந்த மாணவியின் பாடத்திட்டம் அதே பள்ளியின் மற்றவர்களோடு ஒப்பிட்டால் எவ்வளவு கடினம் என்று குறிக்க ஐந்து கட்டங்கள் உண்டு. எனவே இப்படிக் கேளுங்கள்: "சயின்ஸை விட்டால் நீங்கள் குறிக்கும் கட்டம் மாறுமா?"

அடுத்தது, அந்த பீரியடில் என்ன உட்காரப்போகிறது என்பது. எகனாமிக்ஸ் படிப்பவருக்கு கால்குலஸ் உயிர்நாடி. ஏபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) கால்குலஸும் ஏபி ஸ்டாட்டிஸ்டிக்ஸும் சேர்ந்து வருவதற்காக சயின்ஸ் போகிறது என்றால் தாராளமாகப் போகட்டும். காலி பீரியடுக்காகவோ, டீச்சருக்கு உதவியாளராக இருப்பதற்காகவோ போனால், விண்ணப்பத்தைப் படிப்பவர் கண்ணில் அது படும். யூசி தன் ஜிபிஏ கணக்கில் 12ஆம் வகுப்பு மதிப்பெண்ணைச் சேர்ப்பதில்லை என்றாலும் பாடப் பட்டியலைப் பார்க்கத்தான் செய்கிறது. எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக மட்டும் ஏபி என்விரான்மென்டல் சயின்ஸ் எடுப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அந்தப் பாடத்தில் ஆசை இருந்தால் அது வேறு கதை.

கேள்வி: டெக்சஸில் 3 சயின்ஸ் கிரெடிட் போதும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

பாதி உண்மை, அதனால் ஆபத்தானது. ஒரு வருடப் பாடத்துக்கு ஒரு கிரெடிட். பட்டமளிப்புக்கான அடிப்படைத் திட்டத்துக்கு மொத்தம் 22 கிரெடிட், அதில் சயின்ஸ் 3. எண்டார்ஸ்மென்ட் (ஒரு துறையில் கூடுதலாகப் படித்ததற்கான அங்கீகாரம்) வாங்க 26 கிரெடிட், அதில் சயின்ஸ் 4, கணக்கு 4. பள்ளியில் முதல் 10 சதவீதத்தில் வருபவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகக் கிடைக்கும் இடத்துக்கு 'டிஸ்டிங்விஷ்ட்' என்ற உயர்நிலைப் பட்டமளிப்பு வேண்டும். அதற்கும் 4 சயின்ஸ் தேவை. (டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகமான யூடி ஆஸ்டின் 10 சதவீதத்தைவிடக் குறுகலான வரம்பு வைத்திருக்கிறது.) 10ஆம் வகுப்புக்குப் பிறகு எண்டார்ஸ்மென்ட் வேண்டாம் என்று பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வழி இருக்கிறது. அந்தக் காகிதத்தில் யோசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் படிக்கிறேன். பயாலஜி, கெமிஸ்ட்ரி, என்விரான்மென்டல் சயின்ஸ் முடித்தாயிற்று, பாடத்துக்கு 5 வீதம் 15 கிரெடிட் சேர்ந்துவிட்டது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க வேண்டும். ஃபிஸிக்ஸ் அவசியமா? நேராக ஏபி ஃபிஸிக்ஸ் சி எடுக்கலாமா?

அவசியம். நாலாவது சயின்ஸா, அஞ்சாவதா என்ற கணக்கே உங்களுக்கு வேண்டாம். ஃபிஸிக்ஸ் இல்லாமல் இன்ஜினியரிங் விண்ணப்பம் போட்டால் படிப்பவருக்கு முதலில் தோன்றும் கேள்வி 'ஏன் இல்லை?' என்பதுதான். அதைத் தாண்டி உள்ளே போனாலும் முதல் வருட மெக்கானிக்ஸில் மூச்சு முட்டும்.

எந்த ஃபிஸிக்ஸ் என்பதை உங்கள் கணக்குதான் முடிவு செய்யும். ஏபி ஃபிஸிக்ஸ் 1 அல்ஜீப்ராவோடு நின்றுவிடும். சி என்பது கால்குலஸ் கலந்தது. மெக்கானிக்ஸ் தனித் தேர்வு, மின்காந்தவியல் தனித் தேர்வு. 12ஆம் வகுப்பில் நீங்கள் ப்ரீகால்குலஸ்தான் என்றால் ஃபிஸிக்ஸ் 1 அல்லது ஆனர்ஸ் (ஏபி-க்குக் கீழே, சாதாரண வகுப்புக்கு மேலே உள்ள நிலை). ஏபி கால்குலஸில் AB முடித்திருந்தாலோ, அதைவிட மேல்நிலையான BC எடுக்கப் போவதாக இருந்தாலோ சி-யைத் துணிந்து எடுக்கலாம்.

நடுவில் மாட்டிக்கொள்பவர்கள் கால்குலஸ் AB-யையும் ஃபிஸிக்ஸ் சி-யையும் ஒரே வருடத்தில் தொடங்குபவர்கள். நியூட்டன் விதிகள் பகுதியிலேயே காற்றுத் தடையோடு விழும் பொருள் வந்துவிடும். எடையிலிருந்து வேகத்துக்கு ஏற்ற தடையைக் கழித்து, நிறை பெருக்கல் முடுக்கத்துக்குச் சமன் செய்தால் கிடைப்பது ஒரு வகைக்கெழுச் சமன்பாடு. அதைப் பிரித்துத் தொகையிட வேண்டும். ஃபிஸிக்ஸ் வகுப்பில் இது இலையுதிர் காலத்திலேயே வரும். கால்குலஸ் வகுப்பு அந்த இடத்துக்கு வரும்போது பெரும்பாலும் குளிர்காலம் ஆகிவிடும். இந்த இடைவெளியில்தான் பலருக்கு மதிப்பெண் சரிகிறது. கோடையில் வகையிடலும் எளிய தொகையிடலும் பழகிவிட்டால் சமாளிக்கலாம்.

பாடத் தேர்வுப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு சோதனை. 30 டிகிரி சாய்தளத்தில், உராய்வு இல்லாமல், 5 கிலோ பெட்டி ஒன்று இருக்கிறது. விசைப் படம் வரைந்து, தளத்தை ஒட்டிக் கீழே இழுக்கும் விசையைக் கண்டுபிடியுங்கள். 24.5 நியூட்டன் என்று உதவியில்லாமல் வந்தால் சரி. சைனா கோசைனா என்று தடுமாறினால் ஆனர்ஸில் தொடங்குங்கள். பல இன்ஜினியரிங் துறைகள் ஃபிஸிக்ஸ் 1 மதிப்பெண்ணுக்கு கிரெடிட் தருவதில்லை என்பது உண்மை. அதற்காக மட்டும் சி-க்குத் தாவ வேண்டாம். கல்லூரியில் எப்படியும் அந்தப் பாடத்தைப் படிக்கத்தான் போகிறீர்கள்.

கேள்வி: மகனை இந்தியாவில் எம்பிபிஎஸ் சேர்க்க நினைக்கிறோம். 9ஆம் வகுப்பில் பயாலஜி முடித்துவிட்டான். போதுமா?

போதாது. இந்தியாவின் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் தகுதிக்கு ஃபிஸிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, ஆங்கிலம் ஆகியவற்றை மேல்நிலை அளவில், செய்முறையோடு படித்திருக்க வேண்டும். 9ஆம் வகுப்பு பயாலஜியை அந்தக் கணக்கில் காட்டுவது கடினம். எனவே 11, 12இல் மூன்றையும் அடக்க வேண்டியிருக்கும், அதாவது ஏதோ ஒரு வருடத்தில் இரண்டு சயின்ஸ். வெளிநாட்டுச் சான்றிதழுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் சமநிலைச் சான்று வேண்டும். பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே அவர்களுடைய விதியைப் படித்துவிடுங்கள், பட்டமளிப்புக்குப் பிறகு அல்ல.

கேள்வி: மகள் சீனியர். ஏபி கெமிஸ்ட்ரியில் அக்டோபர் மாதமே 58 சதவீதம். விட்டுவிடலாமா?

முதலில் காரணத்தைப் பாருங்கள். இந்தக் கணக்கைக் கொடுங்கள்: 10 கிராம் கால்சியம் கார்பனேட்டில் தேவையான அளவு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும்? விடை 4.4. இது வரவில்லை என்றால் 10ஆம் வகுப்பு மோல் கணக்கு மறந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு வருட இடைவெளியில் இது சகஜம், சில வாரத்தில் சரிசெய்யலாம். கணக்கு வருகிறது, ஆனால் லேப் ரிப்போர்ட் எழுத நேரமில்லை என்றால் சுமைதான் பிரச்சினை. அப்போது இறங்குவதே புத்திசாலித்தனம்.

இறங்குவதானால் மூன்று வேலை. டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியல்) 'டபிள்யூ', அதாவது பாதியில் விலகியதற்கான குறி, விழாமல் மாறக் கடைசித் தேதி எது என்று பள்ளியில் கேளுங்கள். அதே பீரியடில் சாதாரண சயின்ஸ் எதிலாவது இடம் இருக்கிறதா பாருங்கள். யூசிக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், அந்தப் பாடம் பள்ளியின் ஏ-ஜி பட்டியலில் (யூசி ஏற்கும் பாடங்களின் பட்டியல்) இருக்க வேண்டும். விண்ணப்பம் அனுப்புமுன் மாறிவிடுங்கள். அனுப்பிய பிறகு மாறினால் ஒவ்வொரு கல்லூரிக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டு, இறுதி டிரான்ஸ்கிரிப்டில் பாடம் காணாமல் போனாலோ, டி விழுந்தாலோ, கிடைத்த இடத்தையே ரத்து செய்ய யூசிக்கு உரிமை உண்டு.