டனாட்டரின் கூரை

அன்புள்ள ஐயா,

மகளைப் பார்க்க அபர்தீன் போயிருந்தபோது டனாட்டர் கோட்டைக்கு அழைத்துச் சென்றாள். கடலோரப் பாறைமேல் அந்த இடிபாட்டைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. ஆங்கிலேயப் படைத்தலைவர் கிராம்வெல்லின் பீரங்கிகள் ஒரு வம்சத்தையே மண்ணாக்கிவிட்டனவே! ஸ்காட்லாந்தின் மணிமுடியை கீத் பிரபு காப்பாற்றிய கதையையும் கேட்டேன். அங்கே ஆவி நடமாட்டம் உண்டாமே? பயணக் கட்டுரை எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

எனக்கும் அங்கே கண் கலங்கியது. மழைத்துளி என்று சமாளித்துக்கொண்டேன். 'இடிபாடு' என்ற சொல்லைப் பற்றியே சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதுமே யாரோ இடித்தார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

ஆவியை விடுங்கள். மணிமுடிக்காகப் பிரபுவைப் பாராட்டவும் வேண்டாம். கிராம்வெல்லின் படை கோட்டையை முற்றுகையிட்ட 1651–52இல், கோட்டைக்குச் சொந்தக்காரரான வில்லியம் கீத், 'எர்ல் மாரிஷல்' என்ற குடும்பப் பட்டத்தில் ஏழாமவர், லண்டன் டவர் சிறையில் கைதி. முடியைக் கோட்டையிலிருந்து கடத்தியதில் முன்னின்றவள் கிறிஸ்டியன் பிளெட்சர், பக்கத்துக் கின்னெஃப் ஊர்ப் பாதிரியாரின் மனைவி. கணவர் இரவோடு இரவாகத் தன் தேவாலயத்தில் பிரசங்க மேடைக்கு முன்னாலிருந்த கல்லைப் பெயர்த்து, குழி தோண்டிப் புதைத்தார். அந்தச் சின்னத் தேவாலயத்துக்குப் போனீர்களா? போயிருக்க மாட்டீர்கள். எல்லோருக்கும் கோட்டைதான் வேண்டும்.

இப்போது பீரங்கி. 1652 மே மாதம் சுட்டார்கள், கோட்டை பணிந்தது, உண்மைதான். ஆனால் 1685இல், 33 ஆண்டுகளுக்குப் பிறகு, அரசரைத் திருச்சபைக்குத் தலைவராக ஏற்க மறுத்த 167 ஆண்களையும் பெண்களையும் அதே கோட்டையில் அடைத்தார்கள். இடிந்து கிடக்கும் கோட்டையில் யாராவது 167 பேரைப் பூட்டிவைப்பார்களா? கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? அவர்களை அடைத்திருந்த நிலவறையில் கால் மணி நேரம் நின்றேன். கடலைப் பார்த்த ஜன்னல் வழியே வந்த காற்றில், துடைக்கத் துடைக்க என் மூக்குக்கண்ணாடியில் உப்புப் படிந்தது.

கோட்டையைக் கொன்றது விற்பனைப் பத்திரம். பத்தாவது எர்ல் ஜார்ஜ் கீத் 1715இல், பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மறுபடி அரியணை ஏற்ற நடந்த யாக்கோபைட் கிளர்ச்சியில் சேர்ந்தார். கிளர்ச்சி தோற்றது, பட்டமும் சொத்தும் பறிபோயின. 1720இல் வாங்கியது யார் தெரியுமா? யார்க் பில்டிங்ஸ் கம்பெனி. தேம்ஸ் நதி நீரை இறைத்து லண்டன் வீடுகளுக்கு விற்பதற்காக ஏற்பட்ட கம்பெனி அம்மா, தண்ணீர்க் கம்பெனி! பறிமுதலான நிலங்களை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தது. கழற்றி விற்க முடிந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு போனார்கள். கூரை போயிற்று. பிறகு வட கடலின் மழை சுவரின் தலைவழியாகவே உள்ளே இறங்கியது. சுண்ணாம்பு கரைந்தது, கல் நெகிழ்ந்தது. இதற்கு எந்தப் பீரங்கி வேண்டும்?

வம்சமும் மண்ணாகிவிடவில்லை. ஜார்ஜ் பிரஷ்ய மன்னர் பிரெடரிக்கிடம் சேர்ந்து இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள நியூஷாட்டெலின் ஆளுநரானார், தத்துவஞானி ரூசோவுக்கு நண்பரானார். தம்பி ஜேம்ஸ் அதே மன்னரின் பீல்டு மார்ஷல். 1758இல் போர்க்களத்தில் இறந்தார். 1759இல் ஜார்ஜுக்கு மன்னிப்பு கிடைத்தது. ஊர் திரும்பி நிலத்தில் ஒரு பகுதியை மீட்டார். ஆனாலும் தங்கவில்லை, பிரஷ்யாவின் பாட்ஸ்டாமுக்கே போய் 1778இல் அங்கே காலமானார்.

ஏதோ கேட்டிருந்தீர்கள்; ஆம், எங்கிருந்து தொடங்குவது. மறுபடி போனால் பழைய கோபுரத்துக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். மாடித் தளம் இல்லை, வானம்தான் தெரியும். அங்கிருந்து தொடங்குங்கள். எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன். 'கண் கலங்கிவிட்டது' என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.