பாட்டியின் கிக்கி

வணக்கம். ஒலிக்கும் உருவத்துக்கும் தொடர்பு உண்டா என்று வீட்டில் ஒரு சோதனை செய்தேன். ஒரு தாளில் மேகம் மாதிரி வளைவான உருவம், இன்னொன்றில் கண்ணாடிச் சில்லு மாதிரி கூரான உருவம். 'பூபா', 'கிகி' என்று எழுதிக் காட்டி, எது எதன் பெயர் என்று கேட்டேன். ஏழு பேரில் ஆறு பேர் வளைவுதான் பூபா என்றார்கள். பாட்டி மட்டும் வளைவுதான் கிகி என்றார். "குழந்தை கிக்கிக்கின்னு சிரிச்சா கன்னம் உருண்டு வருமே!" என்று காரணமும் சொன்னார். எல்லோரும் சிரித்துவிட்டோம். பாட்டி சொன்னது தவறா, நான் செய்த முறை தவறா?

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

பாட்டி சொன்னதில் தவறே இல்லை. அவர் காரணத்தை அப்படியே எழுதி அனுப்பியதற்கு நன்றி. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

2022இல் வெளியான ஓர் ஆய்வில் 25 மொழிகள் பேசும் 917 பேரிடம் இதைக் கேட்டார்கள். சுமார் 72 சதவீதம் பேர் உங்கள் வீட்டு ஆறு பேரைப் போலத்தான் சொன்னார்கள். மற்றவர்கள் அப்படிச் சொல்லவில்லை. ருமேனிய மொழிக்காரர்களிடம் இந்தப் போக்கே தெளிவாகத் தெரியவில்லை. அங்கே 'பூபா' என்பது குழந்தைக்கு அடிபட்ட இடத்தைக் காட்டிச் சொல்லும் சொல். காயம் என்று காதில் விழுந்தால் மனம் கூரான பக்கம் போகாதா? பாட்டிக்கும் அப்படித்தான். நமக்குப் பொருளில்லாத ஒலி, அவருக்கு ஒரு குழந்தையின் சிரிப்பு.

உண்மையில் என் சந்தேகம் அந்த ஆறு பேர் மீதுதான். 'பூபா' என்று தமிழில் எழுதினால் முதலில் கண்ணில் படுவது பூ. வளைவான உருவம் இதழ் மாதிரி தெரிந்திருக்கலாம் அல்லவா? அப்புறம் 'கிகி'. முகம், அகம் என்று சொல்லும்போது நடுவில் வரும் க மெலிவது போல, இரண்டாவது 'கி'யும் மெலிந்துவிடும். 'கிக்கி' என்றால்தான் அந்த வெட்டு கிடைக்கும். எனவே எழுதிக் காட்டாதீர்கள், வாயால் சொல்லுங்கள்.

சொற்களையும் மாற்றிவிடுங்கள். பூபா, கிக்கி என்பவை 2001இல் மூளை ஆய்வாளர்களான வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹபர்டும் இதே சோதனைக்குப் பயன்படுத்திய பெயர்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, 1929இல், உளவியலாளர் வொல்ஃப்கேங் கோலர் 'பலூமா', 'தக்கேட்டே' என்று கேட்டிருந்தார். பலூமாவைக் கேட்டால் பலூன் நினைவு வரும். 1947இல் அவர் அதை 'மலூமா' ஆக்கினார். தமிழுக்கு இந்த இணை அழகாகப் பொருந்துகிறது: மலூமாவில் மெல்லினமும் இடையினமும், தக்கேட்டேயில் முழுக்க வல்லினம். ஒருமுறை சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லில் உதடு குவிந்து மூடித் திறக்கிறது. இரண்டாவதில் நாக்கு தட்டித் தட்டி நிற்கிறது. காதால் கேட்கும் எழுத்துக்கு வன்மை, மென்மை என்று தொடுவுணர்வின் பெயரை வைத்த நம் இலக்கணக்காரர்களை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இன்னொன்று. எல்லோரும் சிரித்தீர்கள் என்றால் எல்லோரும் ஒரே அறையில் இருந்திருக்கிறீர்கள். பாட்டிக்குப் பிறகு பதில் சொன்னவருக்கு வேறு மாதிரி சொல்லத் துணிவு வந்திருக்குமா? ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கேளுங்கள். பாதிப் பேருக்குத் தாள்களை இடம் வலம் மாற்றி வையுங்கள், பெயர்களையும் முன்பின் மாற்றிச் சொல்லுங்கள். ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டு, சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள்.

தக்கேட்டேயைப் பற்றிப் பாட்டி என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுதுங்கள்.