நேபாளத்தில் குழந்தைகள் இல்லத்துக்குத் தன்னார்வலராகப் போகலாமா? கேள்வி பதில்

நான் மதுரைக்காரி. சமூகப்பணி படித்துவிட்டு ஆறு வருஷம் காத்மாண்டுவில் இருந்தேன். இல்லங்களில் கிடக்கும் பிள்ளைகளின் பெற்றோரைத் தேடிப் பிடித்து, திரும்பச் சேர்த்து வைப்பதுதான் வேலை. கேட்க நினைப்பதைக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி வந்ததைச் சேர்த்திருக்கிறேன்.

கோயம்புத்தூர், கல்லூரி மாணவி: அக்கா, மே மாச லீவில் இரண்டு வாரம் காத்மாண்டுவில் ஒரு இல்லத்தில் தங்கி இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஏஜென்சியில் எழுபதாயிரம் கேட்கிறார்கள். போகலாமா?

நேபாளத்துக்குப் போய்விட்டு வாங்க தங்கச்சி, ஆனால் இல்லத்துக்குப் போகாதீங்க. ஏன் என்று சொல்கிறேன்.

நேபாளத்தில் வறுமை அதிகமாக இருப்பது மேற்கு மலைகளில். இல்லங்களோ பெரும்பாலும் காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், பொக்காரா இருக்கிற காஸ்கி, காண்டாமிருகம் பார்க்கப் போகிற சித்வன் என்று ஐந்து மாவட்டங்களில் குவிந்து கிடக்கின்றன. வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்குகிற இடங்கள் இவை. நீங்கள் கட்டும் எழுபதாயிரம் ஏஜென்சிக்கும் இல்லம் நடத்துபவருக்கும் போகும். அந்தப் பணம் தொடர்ந்து வரவேண்டும் என்றால் கட்டில்களில் பிள்ளைகள் இருந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு பிள்ளை வீடு திரும்பினால் நடத்துபவருக்கு அது நஷ்டம். எல்லா இல்லமும் இப்படி இல்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு இரண்டு வாரத்துக்கு யாரை வேண்டுமானாலும் உள்ளே விடுகிற இடம் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது.

சேலம்: அனாதைப் பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும் மேடம்?

வேண்டும். ஆனால் அங்கே இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ, பலருக்கு இரண்டு பேருமோ உயிரோடு இருக்கிறார்கள்.

ஹும்லா என்று வடமேற்கு மூலையில், திபெத் எல்லையை ஒட்டி ஒரு மாவட்டம். நேபாள்கஞ்சிலிருந்து சின்ன விமானத்தில் சிமிகோட் போய் இறங்கி, அதற்கப்புறம் நடைதான். 1996 முதல் 2006 வரை மாவோயிஸ்ட் போர் நடந்தபோது, வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் படைக்குக் கொடு என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அந்தப் பயத்தில் இருந்த வீடுகளுக்குத் தரகர்கள் போனார்கள். தெரியாத ஆட்கள் இல்லை, பல இடங்களில் அதே பக்கத்து ஊர்க்காரர்கள். பிள்ளையைக் காத்மாண்டுவில் போர்டிங் ஸ்கூலில் சேர்க்கிறேன், சாப்பாடு துணிமணி எல்லாம் கிடைக்கும் என்றார்கள். நிலத்தையும் மாட்டையும் விற்றுக் கொடுத்தவர்கள் உண்டு. பிள்ளைகள் காத்மாண்டு வந்து சேரும்போது கையில் பெற்றோரின் போலி இறப்புச் சான்றிதழ் இருக்கும். காகித அனாதைகள் என்று நாங்கள் சொல்வது இவர்களைத்தான். போர் முடிந்து இத்தனை வருஷம் ஆகியும் ‘படிக்க வைக்கிறேன்’ என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை.

ஒரு பையனின் ஃபைலில் அப்பா, அம்மா இரண்டு பேரும் இறந்துவிட்டதாக முத்திரை குத்திய காகிதம் இருந்தது. ஊர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடி, இரண்டு நாள் நடந்து அந்த வீட்டுக்குப் போனோம். மொட்டை மாடியில் ஒரு பெண் வாற்கோதுமை காயப்போட்டுக்கொண்டிருந்தார். போட்டோவைக் கொடுத்தேன். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினார். முதலில் பையனின் முகத்தைப் பார்க்கவில்லை, இடது காதைத்தான் பார்த்தார். கைக்குழந்தையாக இருந்தபோது கிழிந்த காதாம். அந்தத் தழும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே நின்றார். அரை மணி நேரம் போட்டோவை எங்களிடம் திருப்பித் தரவில்லை.

பெங்களூரு, ஐ.டி. ஊழியர்: நான் போன வருஷம் போய்விட்டு வந்தேன். கேட்டைத் திறந்ததுமே பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். கிளம்பும்போது அழுதார்கள். அவ்வளவு பாசம். இதில் என்ன கெடுதல் இருக்கிறது?

தம்பி, உங்கள் பாசத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தக் கட்டிப்பிடிப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் அக்கா வீட்டு நாலு வயசுப் பிள்ளை முன்பின் தெரியாத ஆளைக் கண்டால் என்ன செய்யும்? அம்மா முந்தானைக்குப் பின்னால் போய் ஒளியும், அங்கிருந்து எட்டிப் பார்க்கும். ஓடிப்போய் ஒளிய ஒரு ஆள் இருக்கிற பிள்ளை அப்படித்தான் செய்யும். இல்லத்துப் பிள்ளைக்கு அந்த ஆள் இல்லை. யார் வந்தாலும் தாவிக்கொள்கிறது.

ருமேனியாவில் புக்கரெஸ்ட் நகரத்தில் 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைப் பயிற்சி கொடுத்த வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, வருஷக்கணக்காகக் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் அறிவு வளர்ச்சியிலும் ஒட்டுதலிலும் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். இரண்டு வயசுக்கு முன்னால் போனவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். பிள்ளைக்கு வேண்டியது நிலையாக ஒரு ஆள்.

நான் பார்த்த ஒரு இல்லத்தில் ஒரு பெண் குழந்தை, தலையணை உறைக்குள் வெளிநாட்டு அண்ணன் அக்காக்கள் கொடுத்த போட்டோக்களை வைத்திருந்தாள். பதினேழு போட்டோ. ஒவ்வொன்றையும் காட்டி “இந்த தீதி திரும்பி வருவாங்க” என்றாள். நேபாளியில் தீதி என்றால் அக்கா. நீங்கள் போனது தெரியாமல் செய்தது. அதற்காக மனசை வதைத்துக்கொள்ள வேண்டாம். திரும்பப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

லண்டன், ஒரு அம்மா: வணக்கம். என்ர மகளுக்குப் பதினெட்டு வயசு. ஏ லெவல் முடிச்சிட்டு யூனிவர்சிட்டிக்குப் போக முதல் மூண்டு மாசம் நேபாளத்தில சிறுவர் இல்லம் ஒண்டில வேலை செய்யப் போறன் எண்டு நிக்கிறாள். ரூரிஸ்ட் விசா காணும் எண்டு ஏஜென்சிக்காரர் சொல்லுகினம். சரியோ?

சரியில்லை அம்மா. நேபாளத்தில் சுற்றுலா விசாவில் வந்தவர் சம்பளம் இல்லாத தொண்டு வேலைகூடச் செய்யக்கூடாது. பிடிபட்டால் மாட்டுவது உங்கள் மகள்தான். இன்னொன்றையும் அந்த ஏஜென்சியிடம் கேளுங்கள்: பிள்ளைகளோடு தங்கப்போகும் என் மகளிடம் போலீஸ் சான்றிதழ் ஏன் கேட்கவில்லை? லண்டனில் ஒரு ஆரம்பப் பள்ளிக்குள் போவதற்கே எத்தனை சோதனை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அவளிடம் கேட்காதவர்கள் மற்றவர்களிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். பிள்ளைகளைக் கெடுக்கும் நோக்கத்தோடு வருபவனுக்கும் அதே கதவுதான் திறக்கிறது.

மகளைத் திட்டாதீர்கள். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே ஒரு தீர்மானத்தில், சுற்றுலாவோடு சேர்ந்த இல்லத் தன்னார்வத் திட்டங்களால் வரும் கேடுகளைத் தடுக்க வேண்டும் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அதை அவளோடு உட்கார்ந்து படியுங்கள். இந்த வயசில் இவ்வளவு இரக்கம் இருப்பது பெரிய விஷயம்.

சிங்கப்பூர், பள்ளி ஆசிரியர்: கம்போடியாவில் ஒரு இல்லத்துக்கு இருபது மாணவர்களை அழைத்துப் போகத் திட்டம். ஒரே ஒரு நாள்தான். அதுவுமா தப்பு?

ஆமாம் சார். உங்கள் பள்ளிக்குள் தினம் ஒரு வெளிநாட்டு பஸ் வந்து நின்று, இருபது பேர் இறங்கி உங்கள் மாணவர்களைப் போட்டோ எடுத்தால் விடுவீர்களா? கம்போடியாவிலேயே 2011-ல் ‘குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல’ என்று பிரசாரம் தொடங்கிவிட்டார்கள். ஆஸ்திரேலியா 2018-ல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டு வந்தபோது, இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதும் அந்த விவாதத்தில் முக்கியமாக இடம்பெற்றது. மாணவர்களை அங்கோர் வாட்டுக்கும், நெசவு, மண்பாண்டம் செய்கிற ஊர்களுக்கும் கூட்டிப் போங்கள்.

திருச்சி: 2015 நிலநடுக்கம் மாதிரி நேரத்தில் இல்லங்கள் அவசியம்தானே?

அப்போதுதான் ஆபத்து இன்னும் அதிகம். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு, பெற்றோரோ உரிய அனுமதியோ இல்லாமல் பிள்ளைகளை மாவட்டத்தை விட்டுக் கொண்டுபோக அரசு தடை போட்டது. வெளிநாட்டுத் தத்தெடுப்பையும் புது இல்லங்களின் பதிவையும் நிறுத்தியது. அப்படியும், கடத்தப்பட இருந்த அல்லது தேவையில்லாமல் இல்லங்களுக்கு அனுப்பப்பட இருந்த 245 குழந்தைகளை இரண்டே மாதத்தில் வழியில் தடுத்து நிறுத்தியதாக யுனிசெஃப் சொன்னது. வீடு இடிந்தவர்களுக்குத் தேவை தகரமும் அரிசியும்.

சென்னை, பிசியோதெரபிஸ்ட்: எனக்குத் தொழில் தெரியும். நானும் போகக்கூடாதா?

நீங்கள் போகலாம், ஆனால் பிள்ளைகளுக்கு நேரடியாக வைத்தியம் செய்ய வேண்டாம். அங்கே இருக்கும் ஊழியருக்கும் அம்மாக்களுக்கும் கற்றுக் கொடுங்கள். நீங்கள் விமானம் ஏறிய பிறகும் அந்தக் கைகள் அங்கேயே இருக்கும்.

ஈரோடு: ஐந்து வருஷமாக ஒரு இல்லத்துக்கு மாசாமாசம் பணம் அனுப்புகிறேன். இதைப் படித்ததும் நிறுத்திவிடலாமா என்று தோன்றுகிறது.

சட்டென்று நிறுத்தாதீர்கள், தட்டில் சோறுதான் குறையும். முதலில் கடிதம் எழுதுங்கள். எத்தனை பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள்? போன வருஷம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? தசைன் பண்டிகைக்கு ஊருக்கு அனுப்புகிறீர்களா? அங்கே தசைனுக்குப் பெரியவர்கள் கையால் நெற்றியில் டீகா (திலகம்) வாங்குவது நம் தீபாவளி, பொங்கலைவிடப் பெரிய விஷயம். அதற்குக்கூட வீட்டுக்கு அனுப்பாத இல்லம் என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பதில் ஒழுங்காக வந்தால், என் பணத்தை இனி பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கச் செலவழியுங்கள் என்று சொல்லுங்கள். மழுப்பினால் அவகாசம் கொடுத்து, பிறகு குடும்பங்களோடு வேலை செய்யும் அமைப்புக்கு மாற்றிவிடுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர், திருநெல்வேலி: அக்கா, நான் இல்லத்தில் வளர்ந்தவன். நம்ம ஊர் இல்லம்தான். அங்கே போகவில்லை என்றால் படித்திருக்கவே மாட்டேன். அதனால் உங்கள் பேச்சைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மாசத்தில் ஏழெட்டு நாள் யாராவது பிறந்தநாளுக்குக் கேக்கும் பிரியாணியும் கொண்டு வருவார்கள். நாங்கள் வரிசையாக நின்று பாட்டுப் பாடுவோம். என் பிறந்தநாளுக்கு யாரும் பாடினதில்லை.

தம்பி, உங்கள் கோபம் நியாயம். உங்களை வளர்த்தவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களால் உங்களுக்குக் கிடைத்த படிப்பு பெரிது. அந்தப் படிப்பு வீட்டிலிருந்தே கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். வறுமை ஒன்றை மட்டுமே காரணமாகக் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்று ஐ.நா.வின் 2009 வழிகாட்டுதல் சொல்கிறது. நம் நாட்டிலும் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவனை இழந்த அம்மா மாதிரி கஷ்டத்தில் இருப்பவர்கள் பிள்ளையை வீட்டிலேயே வளர்க்க மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பல அம்மாக்களுக்கு இது தெரியாது. பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போடுகிறவர்கள், அந்தக் காசில் ஒரு அம்மாவுக்கு பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அந்த அலுவலகம் வரைக்கும் கூடவே போகலாம்.

உங்கள் பிறந்தநாள் எப்போது என்று எனக்கு எழுதுங்கள்.

மதுரை, ஓய்வு பெற்ற ஆசிரியை: எனக்கு ஒரு மாசம் நேரம் இருக்கிறதம்மா. வெளிநாடுதான் போக வேண்டும் என்றில்லை. என்ன செய்யலாம்?

டீச்சர், உங்கள் தெருவிலேயே கணவனை இழந்தோ பிரிந்தோ, பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் இருப்பார். சாயங்காலம் நாலரையிலிருந்து அவர் வேலை முடிந்து வரும் எட்டு மணி வரைக்கும் அந்தப் பிள்ளை உங்கள் திண்ணையில் உட்கார்ந்து படிக்கட்டும். ஒரு மாசத்தோடு நிறுத்தாதீர்கள்.

கடைசியாக, பொக்காராவில் இருந்துவிட்டு வந்த ஒருவர்: நான் இருந்த இல்லத்தில் ஒரு பிள்ளையை அடித்ததைப் பார்த்தேன். அப்போது வாய் திறக்கவில்லை. இப்போது யாரிடம் சொல்வது?

இன்றைக்கே சொல்லுங்கள். நேபாளத்தில் குழந்தைகள் உதவி எண் 1098, நம் ஊரில் இருக்கும் அதே எண்தான். வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டுக் கிடைக்காவிட்டால் அங்கே இருக்கும் நண்பர் யாரையாவது கூப்பிடச் சொல்லுங்கள். இல்லத்தின் பெயர், பிள்ளையின் பெயர், நீங்கள் பார்த்த தேதி, யார் அடித்தது, இவ்வளவும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எடுத்த போட்டோ எதையும் எங்கேயும் போடாதீர்கள். பேசி முடித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், பழைய சக ஊழியர்களிடம் நானும் விசாரிக்கிறேன்.