லாபெய்ரூசியா பூக்கிறது, விதை பிடிக்கவில்லை: பதில்

தேனீக்கள் வந்தும் உங்கள் லாபெய்ரூசியா ஆன்செப்ஸ் என்ற கிழங்குப் பூச்செடி விதை பிடிக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். உரத்தைச் சந்தேகிக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கடற்கரைப் பகுதியில் இந்தப் பூவை நாடி வருவது மோகிஸ்டோரிங்கஸ் லாங்கிராஸ்ட்ரிஸ் என்ற ஈ. அதன் உறிஞ்சுகுழல் சுமார் 8 செ.மீ. வரை நீளும், உடலைவிடப் பல மடங்கு! அதைச் சுமந்துகொண்டு எப்படித்தான் பறக்கிறதோ. பூவின் குழலும் அதற்கேற்ற நீளம். அடியிலுள்ள தேன் தேனீயின் நாக்குக்கு எட்டாது.

சரி, அந்த ஈ இல்லாத இடத்தில் அதன் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். மெல்லிய தூரிகையால் மகரந்தத்தை எடுத்து, வேறொரு செடிப் பூவின் சூலகமுடியில், அதாவது மகரந்தத்தை ஏற்கும் நுனியில், தடவுங்கள். ஒரே கிழங்கிலிருந்து பிரித்தவை வேறு செடிக் கணக்கில் வராது. தனி விதையில் வளர்ந்தது கிடைத்தால் நல்லது. அப்புறம், வாடிய பூவைக் கிள்ளிவிடாதீர்கள், விதை உருவாகும் சூற்பை குழலுக்குக் கீழேதான் இருக்கிறது.